கசிவு இல்லை

டிஷ்யூ பேப்பர் ஒன்றுகூட நனையவில்லை. ஆனாலும் டேங்கில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

விஜயன் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். டியூப் வந்து சேரும் ஒவ்வொரு மூட்டுக்குக் கீழேயும் ஒரு துண்டு டிஷ்யூவை மடித்துச் செருகியிருந்தான்; சொட்டு கசிந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தன. கம்ப்யூட்டர் பெட்டியின் அடித்தகடு காய்ந்திருந்தது. அதற்கும் கீழே விரித்திருந்த பழைய துண்டு, ஹேடோ ஜெட்டியில் நிற்கும் கப்பல்களிலிருந்து வரும் டீசல் வாசனையையும் உப்புக் காற்றையும் குடித்துக் குடித்து விறைத்துப்போன துண்டு, அதுவும் அப்படியே காய்ந்திருந்தது. டேங்கின் அடியில் பம்ப் மட்டும், யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் முனகுவது மாதிரி, ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

ஹரிஹரனுக்குப் போன் போட்டான். ஹரிஹரன் மதுரைக்காரன். கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் வேகமானதிலிருந்து தினமும் சாயங்காலம் இவனோடு கேம் ஆடுகிறவன்; நேரில் பார்த்ததே கிடையாது. கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க உள்ளே தண்ணீரைச் சுற்றவிடும் இந்த லூப் யோசனையே அவன் கொடுத்ததுதான்.

"அது காத்துடா," என்றான் ஹரிஹரன். "ரேடியேட்டருக்குள்ள மூலைக்கு மூலை காத்து ஒளிஞ்சிருக்கும். அது வெளிய வர வர மட்டம் இறங்கும். முதல் லூப் போடறவன் எல்லாருக்கும் வர்ற பயம்தான் உனக்கும்."

"கசிவு இல்லையே?"

"பேப்பர் காஞ்சிருக்கா? அப்ப கசிவு இல்ல. பெட்டியைக் கொஞ்சம் சாய்ச்சு ஆட்டு, பிள்ளைக்கு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைப்பாங்கள்ல, அந்த மாதிரி. மட்டம் இறங்கினா மேல ஊத்து. ஒரு நாள் முழுக்க பம்ப் மட்டும் ஓடட்டும். மத்த எதுக்கும் கரண்ட் குடுத்துடாதே."

அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்திருந்தது. மழைக்காலம் முழுக்க விஜயன் திட்டம் போட்டான். வந்து இறங்கிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் உள்பக்கம் பென்சிலால் வழி வரைந்தான்: டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து பிராசஸர் மேல் உட்காரும் செம்புத் தகடு, அங்கிருந்து ஒரு ரேடியேட்டர், பிறகு கிராபிக்ஸ் கார்டு, இன்னொரு ரேடியேட்டர், திரும்ப டேங்க். போன தண்ணீர் போன வழியே சுற்றி வந்துகொண்டே இருக்கும். உள்ளே ஒரு சொட்டு புகாது, வெளியே ஒரு சொட்டு போகாது. "அடியில ஒரு வடிகால் வால்வு வை. எல்லாரும் மறக்குறது அதைத்தான்," என்று ஹரிஹரன் சொன்னதால் அதையும் வைத்தான். சாமான் ஒவ்வொன்றும் மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்தது. தண்ணீர் மட்டும் உள்ளூர்: பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், முதலில் ரேடியேட்டர்களை அலசவும் சேர்த்து, கேன் கேனாக.

"ஊசி மருந்தில் கலக்கிற அளவுக்குச் சுத்தம்," என்று மனைவி ஷீலாவிடம் பெருமையடித்துக்கொண்டான்.

"நமக்கு வர்ற குழாய்த் தண்ணில புழு நெளியுது. பொட்டிக்கு இது," என்றாள் ஷீலா.

இப்போது மூன்றாவது கேனைத் திறந்து அவன் ஊற்றத் தொடங்கியபோது, பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஊத்துற சத்தம் கேக்குதே, தம்பி."

"கம்ப்யூட்டருக்குப்பா."

"அதுக்குக் கிட்னி நல்லா இருக்கா?"

"இருக்குப்பா. ரெண்டு ரேடியேட்டர்."

"குடுத்து வச்ச பொறவி."

அப்பா நாகலிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சிலோன் மலையிலிருந்து சின்னப் பையனாகக் கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் மரம் கீறிக் கீறியே வளர்ந்த மனுஷன். வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்கவேண்டும். நடுவில் குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. ஒரு சின்ன வெள்ளி டம்ளர், காலையில் அரை, சாயங்காலம் அரை. வாசலிலேயே தென்னை நிற்கிறது, இளநீர் ஆகாது. ஒருநாள் தவழ்ந்து குளியலறைக்குப் போய், கால் கழுவ வைத்திருந்த வாளியில் வாயை வைத்து மாடு மாதிரி குடித்துவிட்டார். அன்றைக்கு மூச்சுத் திணறித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இன்னொரு தடவை இப்படி ஊதிக்கிட்டு வந்தார்னா ஹார்ட் தாங்காது," என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு விஜயன் குளியலறையைப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டான். டம்ளரையும் எட்டாத அலமாரியில் வைத்தான்.

"தம்பி, ஒரு மடக்கு."

"சாயங்காலம்."

"நாக்கு மேல ஒட்டிக்கிச்சுடா. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

"அப்பா, சும்மா இருங்க."

நாள் முழுக்க இதுதான் பேச்சு. கேட்டுக் கேட்டு விஜயனுக்குக் காது மரத்திருந்தது. சொல்லப்போனால், பம்ப் சத்தம் அப்பா குரலைக் கொஞ்சம் மறைத்தது அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் அந்தக் குரல் நின்றுவிட்டது.

முதலில் அவன் கவனிக்கவில்லை. டேங்க் மறுபடி இறங்கியிருந்தது, இந்தத் தடவை பாதிக்கு. பேப்பர் காய்ந்திருந்தது. ஊற்றினான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி பாதி. அந்த லூப் முழுவதற்கும் ஒரு கேன் போதும், அதிலும் மிச்சம் இருக்கும் என்று அட்டையில் கணக்குப் போட்டிருந்தான். காலிக் கேன்கள் இப்போது கதவோரம் வரிசையாக நின்றன. காற்று வெளியே வரட்டும், சரி. இத்தனை காற்று எங்கே இருந்தது?

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து யாரும் தண்ணீர் கேட்கவில்லை.

அப்பா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். ஜன்னலை மூடிய அறையில் மருந்து வாசனையோடு புதிதாக ஏதோ ஒன்று கலந்திருந்தது. தேய்த்துக் கழுவிய செம்புக் குடத்துக்குள் தலையை விட்டால் வருமே, அந்த வாசனை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை விஜயன் பெருவிரலால் அழுத்தினான். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

சமையலறைக்குப் போனான்.

"நீ குடுத்தியா?"

"எதை?"

"தண்ணி. அவருக்கு."

"எந்தத் தண்ணியை?" ஷீலா கரண்டியால் காலி நீலத் தகர டிரம்மைத் தட்டினாள். கோயில் மணி மாதிரி கணீரென்றது. "குழாய் வந்து மூணு நாளாச்சு. வாய் கொப்பளிச்சா துப்ப மனசு வராம முழுங்கிக்கிட்டு இருக்கேன் நான். இதுல உங்கப்பாவுக்கு ஊட்டுறேனாக்கும்!"

"கால் வீங்கியிருக்குடி. என் தலையில அடிச்சுச் சொல்லு."

அவள் ஈரமில்லாத கையை அவன் தலையில் வைத்தாள். "குடுக்கல. போதுமா? பெத்த அப்பனுக்குப் பூட்டுப் போடறவரு, கட்டினவளை நம்பப் போறீங்களா."

விஜயன் திரும்ப அப்பாவிடம் வந்தான். "யாருப்பா தண்ணி குடுத்தா?"

நாகலிங்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணிமைகள் உப்பி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. அதற்குள்ளிருந்து சிரித்தார்.

"என்னடா, விளையாடுறியா? நீதானே குடுக்குற."

"நானா?"

"இந்தப் பக்கமாத்தான்." தடுப்புச் சுவரைத் தடவினார், பசுமாட்டைத் தடவுவது போல. "சில்லுனு வருது. லேசாச் செம்பு வாடை. நல்ல தண்ணிடா தம்பி. இத்தனை நாளா ஏன் குடுக்காம வச்சிருந்த?"

அந்த ஊரில் சூரியன் சீக்கிரம் விழுந்துவிடும். ஐந்தரைக்கெல்லாம் சாத்தம் தீவுப் பக்கத்து வானம் கறுத்து, ஜெட்டி விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். அடுத்த நாள் சாயங்காலம் அந்த இருட்டில்தான் விஜயன் அதைச் செய்து பார்த்தான். பம்பை நிறுத்தினான். இடது காதைப் பிளைவுட்டில் ஒட்டவைத்தான். வலது கையில் கேன். பிளைவுட் வழியாக அப்பாவின் மூச்சு கேட்டது, ஈரத் துணியை மெல்ல இழுப்பது போல.

ஒரு சொம்பளவு ஊற்றினான்.

மடக்.

நிறுத்தினான். அந்தப் பக்கமும் நின்றது.

ஊற்றினான். மடக். மடக். தொண்டைக்குழி ஏறி இறங்குவதுகூடக் கேட்டது. குடித்து முடித்து நாக்கைச் சப்புக்கொட்டும் ஓசை. பிறகு திருப்தியாக ஒரு ஏப்பம்.

டேங்க் காலி.

அத்தோடு அவன் கேனைக் கீழே வைத்திருக்கவேண்டும். சந்தேகம் தீர்ந்தாயிற்று. ஆனால் இன்னொரு தடவை ஊற்றினான். கேன் தீரும்வரை ஊற்றினான். அந்த மடக் மடக் என்ற ஓசை, எத்தனையோ மாதமாக "இன்னும் கொஞ்சம்" என்று பிய்த்துத் தின்ற அந்த வாய் கடைசியில் நிறைகிற ஓசை, அவன் காதுக்கு இதமாக இருந்தது. அதுதான் உண்மை.

"மாமாவைப் பாருங்க!" ஷீலா அலறினாள்.

ஓடினான். கட்டிலில் கிடந்தது அப்பாதான். ஆனால் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தோல் பளபளத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் குமிழி உடைந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க!"

போன் செய்து என்ன சொல்வது? பெட்டியில் ஊற்றினேன், அப்பா குடித்தார் என்றா? யார் கொடுத்தது என்று கேட்பார்கள். போய்ச் சேர்வதற்குள் ஹார்ட் நின்றுவிடும். அவன் மூளை வேகமாக ஓடியது. இந்த வழியாக உள்ளே போனது இந்த வழியாகத்தானே வெளியே வரவேண்டும்?

"வாளி எடுத்துட்டு வா! சீக்கிரம்!"

வடிகால் வால்வில் டியூபைச் செருகித் திறந்து, பம்பை மறுபடி போட்டான். காலியான லூப். ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. பிறகு உள்ளே எங்கேயோ ஒரு களுக். தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர். கையில் பிடித்துப் பார்த்தான். வெதுவெதுப்பு. உடம்புச் சூடு.

"நிறைஞ்சா வாளியை மாத்து," என்று ஷீலாவிடம் சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடினான்.

வடிந்துகொண்டிருந்தது. அவன் கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது. முதலில் கழுத்து திரும்ப வந்தது. மணிக்கட்டு எலும்பு எட்டிப் பார்த்தது. பாதத்தில் நரம்பு தெரிந்தது, கணுக்கால் தெரிந்தது. குமிழிச் சத்தம் அடங்கி, அப்பா கண்ணை நன்றாகத் திறந்தார்.

"லேசா இருக்கு, தம்பி."

விஜயனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வருஷக்கணக்கில் பிடித்துவிடாத கால். மிஷின் என்ன மிஷின், டாக்டர் என்ன டாக்டர்! இனிமேல் ஆஸ்பத்திரியே வேண்டாம். இவர் ஆசைப்பட்டதைக் குடிக்கட்டும், நான் வடித்துக்கொள்கிறேன்.

கூடத்திலிருந்து ஷீலா கத்தினாள். "ஏங்க, உங்க பொட்டி நம்ம குழாயை விட நல்லா ஊத்துது!"

"மாத்து, மாத்து!"

அப்பா அவன் கையைப் பிடித்தார். "போதும், தம்பி."

"இன்னும் கொஞ்சம் போகட்டும்பா. நாளைக்கும் சேர்த்து."

"போதும்டா."

"சும்மா இருங்கப்பா."

எவ்வளவு நேரமென்று தெரியாமல் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தான். தேய்க்கத் தேய்க்கக் கால் மெலிந்துகொண்டே போனது. மூன்றாவது தடவை அப்பா சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. குரல் இல்லை. காய்ந்த இலையைக் கசக்குவது போல ஒரு சரசரப்பு. நிமிர்ந்து பார்த்தான்.

ஓடினான். வால்வைத் திருகி மூடினான். வந்தது. டியூபை மடித்து நெரித்தான். வந்தது. பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் பம்ப் முனகியது. ம்ம்ம். ம்ம்ம். தன்பாட்டில் ஊற்றி, தன்பாட்டில் மெலிந்து, கடைசியில் ஒரு குமிழி விட்டு நின்றது.

திரும்ப வந்தான்.

கட்டிலில் வேட்டிக்குள் எலும்பு கிடந்தது. எலும்பின் மேல் தோல், டியூபுக்கு அடியில் செருகிய அந்தப் பேப்பரைப் போல, மடிப்பு மடிப்பாக. வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு, ஒரு கொட்டைப்பாக்கு. ஆனால் கண்கள். கண்கள் அவனைப் பார்த்தன. இமைக்க முடியாமல் பார்த்தன.

உயிர் இருந்தது.

சரி. சரி. திரும்ப ஊற்றினால் போச்சு. அதே தண்ணீர். அதே வழி.

"ஷீலா! வாளி எங்க?"

கூடத்தில் வாளி இல்லை. ஷீலாவும் இல்லை. சமையலறையில் இருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான்கு நாளுக்குப் பிறகு குளித்த முகம். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எங்கடி?"

"எந்தத் தண்ணி?"

"வாளில பிடிச்சது!"

"டிரம்முல ஊத்தினேன். பின்ன, தெருவுலயா கொட்டுவாங்க? நீங்கதானே சொன்னீங்க, ஊசி மருந்துக்குக் கலக்குற தண்ணின்னு." அவன் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு குறைந்தது. "முதல் வாளில பின்வாசல்ல வச்சே குளிச்சேன். உலை வச்சேன். பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா வாசல்ல குடத்தோட நின்னா, பாவம், அவளுக்குக் கொஞ்சம். நான் ரெண்டு சொம்பு குடிச்சேன். ஏங்க, மருந்து எதுவும் கலந்திருந்தீங்களா?"

அந்த ஊரில் தெளிந்த தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? யாரும் கொட்டமாட்டார்கள். அவனும் கொட்டியிருக்கமாட்டான்.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடி தடதடத்தது. ஆவி கொத்துக்கொத்தாக எழுந்து ஜன்னல் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. விஜயன் கையை நீட்டி அந்த ஆவியைப் பிடிக்கப் பார்த்தான். விரல் வெந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி உற்சாகமாக ஷீலாவை இந்தியில் கூப்பிட்டாள். "பாபி! பானி கித்னா மீட்டா ஹை!"

"தண்ணி இனிக்குதாம்," என்றாள் ஷீலா.

அவன் டிரம்முக்குள் தலைகீழாகத் தொங்கி அடியில் கிடந்ததை வழித்தான். அரைச் சொம்பு. டேங்கில் ஊற்றினான். அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மடக். ஓடிப் போய்ப் பார்த்தான்.

வலது கைப் பெருவிரல் ஒன்று மட்டும் நிறைந்திருந்தது. சதை வைத்து, ரத்தம் ஓடி, ரோஜா நிறத்தில் நகம். குழந்தை விரல் மாதிரி. மற்றதெல்லாம் பேப்பர். அந்த ஒற்றை விரல் படுக்கையின் மேல் அசைந்தது.

அப்படியானால் முடியும். திரும்பக் கொண்டுவர முடியும். தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். அதே தண்ணீர்.

"மாமா தூங்கிட்டாரா?" ஷீலா துண்டால் தலையைத் துவட்டியபடி வாசற்படியில் நின்றாள். உள்ளே இருட்டு. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னமோ தெரியலைங்க, நெஞ்சுக்குள்ள ஒரு சத்தம் வருது. ம்ம்ம்னு. வாயைத் திறந்தா நல்லா கேக்குது."

வாயைத் திறந்தாள். கேட்டது.

அப்பாவின் கண்கள் மகனை விட்டு நகர்ந்தன. மெதுவாக, காய்ந்த குழிக்குள் உரசிக்கொண்டு. அவளிடம் போய் நின்றன. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. ஆனால் இத்தனை மாதம் கேட்ட அந்த "இன்னும் கொஞ்சம்"தான்; விஜயனுக்குச் சத்தம் தேவைப்படவில்லை.

"உள்ள வா," என்றான்.

"லைட்டைப் போடுங்க முதல்ல."

"வேண்டாம். இப்படி வந்து அப்பா பக்கத்துல உட்காரு."

உட்கார்ந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. விஜயன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். இன்னொரு கையில், வரும்போதே உருவிக்கொண்டு வந்த வடிகால் டியூப், நுனியிலிருந்து இன்னும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், அந்த ஒற்றைப் பெருவிரல் அவள் ஈர முடியைத் தேடிப் பிடித்து, அசைவது தெரியாமல், மெல்ல மெல்லப் பிழியத் தொடங்கியது.